எளிதில் சாகாத மீன்

மீன்தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தால், "நமக்கு வரவேண்டிய கண்ணேறை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அழுகிற பிள்ளையைத் தேற்ற நல்ல வார்த்தைதான். ஆனால் அடுத்த வாரமே இன்னொரு சோடி தங்கமீனை வாங்கிவந்து அதே தண்ணீரில் விட்டு, அவையும் மூன்றாம் வாரம் போய்ச்சேர்ந்தால், திருஷ்டியைத் தாண்டி யோசிக்கவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு ஒரு கேளிக்கைச் சந்தையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அது விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்வோம். சுமாராகக் கவனித்தாலே பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வாழக்கூடிய மீன், நம் வீட்டு ஹாலில் ஏன் ஒரு மாதம் தாண்டமாட்டேன் என்கிறது?

கடைக்காரரிடம் கேட்டால், "கோல்டு ஃபிஷ் கொஞ்சம் நாசூக்கான மீன் சார், அப்படித்தான்" என்பார். நாசூக்குக்கும் இந்த மீனுக்கும் சம்பந்தமே இல்லை. முதுகெலும்புள்ள உயிரினங்களில் இவ்வளவு கெட்டியான உடம்பு வெகு சிலவற்றுக்கே உண்டு. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. நாசூக்கான மீனாக இருந்தால் கெட்ட தண்ணீரில் இரண்டே நாளில் செத்து, தண்ணீர் சரியில்லை என்ற செய்தியைச் சொல்லிவிடும். தங்கமீன் செவுள் புண்ணான நிலையிலும் வாரக்கணக்கில் நீந்தும். தீனி போடும் கையைக் கண்டால் ஓடிவரும். நாமும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

அந்தக் கெட்டித்தனம் எவ்வளவு தூரம் போகும் என்பது 1980இல் தெரியவந்தது. ஆக்சிஜன் அறவே இல்லாத நீரில் தங்கமீன் எப்படிப் பல மணி நேரம் உயிரோடு இருக்கிறது என்று ஆராய்ந்த ஷூப்ரிட்ஜ், ஹோச்சாச்கா ஆகிய இருவரும், அது உடம்புக்குள் சாராயம் காய்ச்சுவதைக் கண்டார்கள். ஆக்சிஜன் போதாமல் உழைக்கும் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். அளவு மீறிச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தங்கமீனோ அந்த அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே தண்ணீரில் கழித்துவிடுகிறது. 2017இல் ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் வேரைத் தேடிப்பிடித்தார்கள். இந்த மீன்களின் முன்னோரிடம் மரபணுத் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்துப்போயிருக்கிறது. அதில் உபரியாகக் கிடைத்த ஒரு நொதித் தொகுப்பு, ஆக்சிஜன் இல்லாத வேளையில் சாராயம் வடிக்கும் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. தங்கமீனின் நெருங்கிய உறவான குருசியன் கெண்டை, வட ஐரோப்பாவின் உறைந்த குளங்களில் பனிக்கட்டிக்கு அடியில் இப்படித்தான் மாதக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அப்போது அதன் ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு விட்டுவைத்திருக்கும் அளவு 30.

இந்த வித்தை குளிரில்தான் நெடுநாள் செல்லுபடியாகும். சாராயம் காய்ச்சும் மூலப்பொருள் ஈரலில் சேமித்த கிளைக்கோஜன். குளிர்ந்த நீரில் உடல் மெதுவாக இயங்குவதால் சேமிப்பு மெதுவாகக் கரையும். வெப்பத்தில் மளமளவென்று தீர்ந்துபோகும். ஆகவே சென்னை வீட்டுத் தொட்டியில் இதை நம்பி எதுவும் செய்யமுடியாது.

தங்கமீன் மிதமான குளிருள்ள சீனக் குளங்களின் கெண்டை வம்சம். 12ஆம் நூற்றாண்டிலேயே ஹாங்சௌ நகரில் தென் சோங் அரச குடும்பத்தார் இதற்கென்று குளம் வெட்டி வளர்த்தார்கள். பின்னால் மிங் ஆட்சிக் காலத்தில்தான் அது பெரிய மண்தாழிகளிலும் பீங்கான் தொட்டிகளிலும் வீட்டுக்குள் வந்தது. அதற்குச் சௌகரியமான வெப்பம் 18இலிருந்து 24 டிகிரி வரை. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். 20 டிகிரி நீர் தன்னுள் வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம்; 32 டிகிரியில் 7.3 தான். நீரில் ஆக்சிஜன் இப்படிக் குறைகிற அதே வேளையில் மீனின் தேவை ஏறுகிறது. பத்து டிகிரி கூடினால் அதன் உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு இரட்டித்த குடும்பம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

விடிகாலையில் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பசி என்று தீனி போடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அது மூச்சுத்திணறல். செடியும் பாசியும் உள்ள தொட்டியில் இரவு முழுக்க அவையும் சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியும் நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். ஏர் பம்ப் விடும் குமிழிகள் மேலே ஏறும்போது கரைத்துவிட்டுப் போகும் ஆக்சிஜன் சொற்பம். அவை நீரைக் கிளறி, மேல்பரப்பை ஓயாமல் புரட்டிப்போடுவதுதான் பெரிய உதவி. பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு காற்று உள்ளே போகும். கோடையில் சிறிய மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தால் நீர் ஆவியாகி இரண்டொரு டிகிரி குறையும். கோயம்புத்தூரின் உலர்ந்த காற்றில் இது நன்றாக வேலை செய்யும், சென்னையின் புழுக்கத்தில் கொஞ்சம் குறைவாக. ஐஸ் கட்டியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரை மணி நேரத்தில் நாலு டிகிரி இறங்கி, மறுபடி ஏறுவது நிலையான வெப்பத்தைவிட மோசம்.

வெப்பமும் ஆக்சிஜன் குறைவும் கண்ணுக்குத் தெரிகிற விரோதிகள். பெரும்பாலான தங்கமீன்களைக் கொல்வது நிறமற்றது; குறைந்த அளவில் மணமும் தெரியாது. அது அம்மோனியா. நாம் புரதத்தை எரித்து வரும் நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கிச் சிறுநீரில் கழிக்கிறோம். மீனுக்கு அந்தச் செலவு தேவையில்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அம்மோனியாவாகவே செவுள் வழியே விட்டுவிடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து மறைந்துபோகும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்?

மீன் பண்ணைப் பொறியாளர்கள் கைவசம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. 35 சதவீதம் புரதமுள்ள தீனியில் ஒரு கிராம் போட்டால், முடிவில் ஏறத்தாழ 32 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். பத்து லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குடுவையில் நாளொன்றுக்கு ஒரு கிராம் தீனி என்றால், லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் வீதம் தினமும் ஏறும். 100 லிட்டர் தொட்டியில் அதே தீனிக்கு 0.32 தான். இந்த அம்மோனியா முழுவதும் ஒரே மாதிரி நஞ்சு அல்ல. நீரில் அது இரண்டு உருவில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் ஓரளவு சாது. மின்னேற்றமில்லாத அம்மோனியாதான் செவுளின் மெல்லிய தோலைக் கடந்து உள்ளே போய் அரிக்கும். எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 28 டிகிரி நீரில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் 0.7 சதவீதம்தான் நஞ்சு உருவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 6.5 சதவீதம். 8.5 என்றால் 18 சதவீதம்.

சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினம், அதன் பி.எச். எட்டை ஒட்டியே நிற்கும். கடின நீர் தங்கமீனுக்குப் பிடித்தமானதுதான், அதில் குறையில்லை. ஆனால் அதே நீரில் அம்மோனியா சேர்ந்தால் பல்லும் நகமும் முளைத்துவிடும். மேலே சொன்ன குடுவையில் முதல் நாள் முடிவிலேயே, பி.எச். 8 என்றால், நஞ்சு அம்மோனியா லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தொட்டுவிடும். நெடுநாள் நலத்துக்கு 0.02 என்பதைத் தாண்டக்கூடாது என்று மீன் வளர்ப்போர் பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்பைப்போல் இது பத்து மடங்கு. தங்கமீனாக இருப்பதால் அது அன்றே சாகாது.

இந்த நஞ்சை அகற்ற ஆள் வைக்கவேண்டியதில்லை. சம்பளம் வாங்காமல் செய்யும் நுண்ணுயிர்கள் உண்டு. 1890ஐ ஒட்டி ஜூரிச்சில் செர்கேய் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் வேலைக்கு நைட்ரோசோமோனாஸ், இரண்டாவதற்கு நைட்ரோபேக்டர் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின. 1990களின் இறுதியில் மீன்தொட்டிகளையே எடுத்துச் சோதித்தபோது இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. 2015இல் இன்னொரு ஆச்சரியம். இரண்டு வேலையையும் தனியாளாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் அகப்பட்டன. அவற்றில் சில கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இரண்டு ஆள் வேலை என்று நம்பியிருந்தது, யாரோ மீன் வளர்த்த அழுக்குத் தண்ணீரில் உடைந்துபோனது எனக்குப் பிடித்த செய்தி.

இந்த உயிர்கள் நீரில் மிதந்து திரிவது குறைவு. ஸ்பாஞ்சு, கூழாங்கல், கண்ணாடிச் சுவர் என்று எங்காவது ஒட்டிக்கொண்டு வாழும். காற்றும் நீரும் ஓயாமல் கடந்துபோகும் ஃபில்டர் ஸ்பாஞ்சுதான் அவற்றின் தலைநகரம். இவை பெருகும் வேகம் மிகக் குறைவு. குடலில் வாழும் ஈ.கோலி நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவை ஒருமுறை இரட்டிக்கவே அரை நாள், ஒரு நாள் ஆகும். சில சமயம் அதற்கும் மேல். புதுத் தொட்டியில் போதுமான கூட்டம் சேர நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கிறது. நாமோ ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய்த் தொட்டி, கல், பிளாஸ்டிக் செடி, மீன் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிவந்து, மத்தியானத்துக்குள் மீனை விட்டுவிடுகிறோம். அம்மோனியா ஏறுகிறது, அதைத் தின்ன ஆளில்லை. பத்தாம் நாளுக்கு மேல் அம்மோனியா இறங்க ஆரம்பித்தால் நைட்ரைட் ஏறும். மூன்றாம் வாரம் மீன் போவது ஏன் என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

மீனில்லாத தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு அழுகவிட்டு, ஒரு மாதம் காத்திருப்பது ஒரு வழி. வெறும் தண்ணீருக்குத் தீனி போடுகிறவரை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். இன்னும் நல்ல வழி, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றை வாங்கிவந்து நம் ஃபில்டரில் சேர்த்துவிடுவது. ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடியக்கூடும். ஆனால் நோயில்லாத தொட்டியா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

வந்து குடியேறியவர்களை நாமே கொல்லாமல் இருப்பதும் முக்கியம். ஸ்பாஞ்சு கறுத்துப்போனால் குழாயடியில் பிழிந்து, வெள்ளையாகும்வரை கழுவி மாட்டுவது பலர் வழக்கம். மெட்ரோ வாட்டரில் கிருமி கொல்லவே குளோரின் போட்டிருக்கிறார்கள். அது நல்லவை கெட்டவை பார்க்காது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். அது அழுக்காகத்தான் தெரியும், தெரியட்டும். மின்வெட்டும் இவர்களுக்கு எதிரி. நீரோட்டம் நின்ற மூடிய ஃபில்டருக்குள் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். புயல் நாட்களில் ஒரு நாள் முழுக்க மின்சாரம் போன வீட்டில், மின்சாரம் திரும்பியதும் அந்த ஃபில்டரை அப்படியே ஓடவிட்டால் உள்ளே அழுகியது அத்தனையும் தொட்டிக்கு வரும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை மெழுகுவர்த்தியோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நைட்ரைட் செய்யும் கொடுமை வேறு விதம். அது ரத்தத்தில் ஏறி ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். ரத்தம் பழுப்பாகும். நீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மூச்சுத்திணறும். இதற்குக் கைவைத்தியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் குளோரைடும் நுழைகிறது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சேர்த்தால், குளோரைடு கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நைட்ரைட்டை வெளியே நிறுத்திவிடும். அதற்காக எல்லா நாளும் உப்புப் போடவேண்டும் என்பதில்லை. தங்கமீன் நன்னீர் மீன்.

நைட்ரேட் அவ்வளவு பொல்லாதது இல்லை. லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளலாம். அதைக் குறைக்க வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவதே வழி. இங்கேதான் இன்னொரு மர்மச் சாவு வருகிறது. "நாலு மாசமா தண்ணியே மாத்தலை, நல்லா இருந்துச்சு. நேத்துதான் சுத்தமா கழுவி புதுத் தண்ணி ஊத்தினோம், காலைல செத்துக் கிடக்கு." கேட்பவர்கள் புதுத் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். பாதி உண்மை, குளோரின் காரணமாக இருக்கலாம். மீதியை அறிய நுண்ணுயிர்களின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்கவேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை அவை நைட்ரேட் ஆக்கும்போது நீரில் கரைந்துள்ள காரத்தன்மையில் ஏழு கிராமுக்கு மேல் தீர்ந்துபோகும். நாலு மாதத்தில் அந்த இருப்பு காலியாகி, பி.எச். ஆறரைக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே நுண்ணுயிர்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். அம்மோனியா சேரும், ஆனால் அமில நீரில் அது சாதுவான அம்மோனியம் உருவிலேயே கிடக்கும். மீனும் மெல்லப் பழகிக்கொண்டு நீந்தும். திடீரென்று பி.எச். 8 உள்ள போர்வெல் நீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், கிடந்த அம்மோனியம் அந்த நிமிடமே நஞ்சாக மாறுகிறது. தொட்டியை முழுக்கக் காலிசெய்து கழுவியிருந்தால் அம்மோனியா போய்விடும். ஆனால் நுண்ணுயிர்களும் போய்விடும், மீனுக்கு ஒரே நிமிடத்தில் வேறு உலகம். நீண்ட நாள் கவனிக்காத தொட்டியில் தினம் ஒரு வாளி வீதம் மாற்றி, இரண்டு வாரத்தில் மீட்டெடுப்பதே சரி.

இதே கணக்குதான் ஆர்.ஓ. தண்ணீரையும் நிராகரிக்கிறது. நாம் குடிப்பதையே மீனுக்கும் கொடுப்போம் என்று அன்போடு ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை. 50 லிட்டரில் நாளுக்கு ஒரு கிராம் தீனி போட்டால் தினம் கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவான காரத்தன்மை தேவை. போர்வெல் நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தால், நீரே மாற்றாவிட்டாலும் இரண்டு மாதம் தாங்கும். ஆர்.ஓ. நீரில் சில நாளில் கவிழ்ந்துவிடும். மீனுக்குக் குழாய் நீரே போதும், குளோரினை மட்டும் நீக்கிவிட்டு. கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். கரைத்த நிமிடமே வேலை செய்யும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தாலும் சாதாரணக் குளோரின் பறந்துவிடும்.

அப்படியானால் எவ்வளவு பெரிய தொட்டி? இத்தாலியின் ரோம் நகராட்சி 2005இல் உருண்டைக் குடுவையில் தங்கமீன் வைப்பதையே தடைசெய்தது. கேலி செய்தவர்கள் நிறைய. நான் ரோமின் பக்கம். உருண்டைக் குடுவையில் கழுத்துவரை நீர் ஊற்றினால், காற்றுபடும் பரப்பு உள்ளங்கை அளவாகச் சுருங்குகிறது, ஃபில்டருக்கு இடமில்லை. கடைகளில் அதிகம் போகும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி, விளிம்புவரை 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 தேறும். இரண்டு குட்டித் தங்கமீன்களை முதல் ஆண்டு ஓட்ட அது காணும். அவை வளர்ந்தால் 3 அடி நீளத் தொட்டிதான். 3 அடிக்கு ஒன்றே கால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 159 லிட்டர். தண்ணீர் மட்டுமே 159 கிலோ. ஷூ அலமாரியின் மேல் வைக்கக்கூடாது. தொட்டியின் அளவுக்கு ஏற்றபடிதான் மீன் வளரும் என்ற பேச்சையும் நம்பவேண்டாம். ஒற்றை வால் தங்கமீன் ஒரு அடிவரை வளரக்கூடியது. சிறு தொட்டியில் அது குட்டையாக நின்றுபோனால், மோசமான நீர் அதன் வளர்ச்சியைத் தின்றுவிட்டது என்று பொருள்.

தீனி விஷயத்தில் ஓர் உடற்கூற்று உண்மையைத் தெரிந்துகொண்டால் போதும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டையில் உள்ள பற்களால் அரைத்து நேராகக் குடலுக்கு அனுப்பிவிடும். நாள் முழுக்கச் சேற்றைக் கிளறிக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கு அமைந்த உடம்பு அது. சேமித்துவைக்கும் பையில்லாததால், எத்தனை தின்றாலும் மேலே வந்து இன்னும் கேட்கும். அந்த வாயைப் பார்த்து இரங்குவதுதான் தொட்டியின் அம்மோனியாக் கணக்கை ஏற்றுகிறது. இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வெளியூர் போகிற மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவை முழுதாகக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

நோய்களில் அதிகம் காண்பது வெண்புள்ளி. மழைக்காலத்தில் நீர் சட்டென்று குளிர்ந்து மீன் தளர்ந்தபின், உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல் புள்ளிகள் வரும். இக்தியோப்திரியஸ் என்ற ஒருசெல் உயிரி தோலுக்குள் புகுந்து தின்று, கொழுத்து, உதிர்ந்து அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிளந்து மீண்டும் மீனைத் தேடும். மருந்து வேலை செய்வது அந்தக் குட்டிகள் நீந்தித் தேடும் சிறு இடைவெளியில் மட்டுமே. புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டால், அடியில் இருப்பவை பிளந்து அடுத்த சுற்று தொடங்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுவதால், இரண்டு வாரம் விடாமல் பார்க்கவேண்டும். கடைக்காரர் கொடுக்கும் நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, ஃபில்டரின் நுண்ணுயிர்களையும் கெடுக்கும். அதைத் தனி வாளியில், ஏர் பம்ப் வைத்து, நோயாளி மீனுக்கு மட்டும் கொடுப்பது நல்லது.

அழகுக்காக வளர்த்தெடுத்த சில வகைகளுக்கு நோயே உடம்போடு வருகிறது. இரட்டை வால், கார்டின் என்ற ஒரு மரபணு பழுதுபட்டதால் உண்டானது. 2014இல் ஜப்பானிய, தைவான் ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். இயற்கை நீர்நிலையில் அப்படிப் பிறந்த மீன் தப்பிப் பிழைப்பது அரிது. தாழியில், பார்த்துப் பார்த்து வளர்த்தவர்களால் அது குலமாகப் பெருகியது. ஒராண்டா, ரியுகின் போன்ற குட்டையான, உருண்டை உடம்பு மீன்களில் குடலும் நீச்சல் பையும் இடுக்கில் திணித்தாற்போல் இருக்கும். உலர்ந்த தீனியை மேலே வந்து காற்றோடு விழுங்கினால் தலைகீழாக மிதக்கும். தீனியை ஊறவைத்து மூழ்கும்படி கொடுத்தால் பலவற்றுக்குச் சரியாகிவிடும். கண்ணுக்கடியில் நீர்ப்பைகளைச் சுமந்து திரியும் பபிள் ஐ வகையை வாங்காமல் விடுவதே அதற்குச் செய்யும் உபகாரம் என்று நினைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒற்றை வால் மீன் கெட்டி, ஆனால் இடம் கேட்கும். சிறு வீட்டுக்கு மிதமான ரியுகின் சரிப்பட்டுவரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "பாசியெல்லாம் தின்னுடும், தொட்டி சுத்தமா இருக்கும்" என்று தங்கமீனோடு ஒரு கறுப்பு சக்கர் மீனையும் கடையில் கட்டிக்கொடுப்பார்கள். அது வளர்ந்தபின் பாசியை விட்டுவிட்டு, இரவில் தங்கமீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சும். காலையில் பார்த்தால் செதில் போன வெள்ளைத் திட்டுகள் இருக்கும். சுத்தம் செய்வதாகச் சொல்லி வந்தது தானும் கழிவு போட்டு அம்மோனியாவைக் கூட்டும். ஒரு அடிக்கு மேல் வளர்ந்து தொட்டியில் இடமில்லாமல் போகும்போது, பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவின் அந்த மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டு அகப்படுவதற்கு இப்படிப்பட்ட இரக்கமும் ஒரு காரணம். தங்கமீனும் இதில் சாதுவல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் யாரோ விட்ட தங்கமீன்கள் பெருகி, ஒரு மீனே இரண்டு கிலோவை நெருங்கும் அளவுக்குத் தடித்திருக்கின்றன. ஆகவே வளர்ந்துவிட்ட மீனைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விடாமல், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப்பாருங்கள். பெரிய தங்கமீனைக் கண்டால் பலர் ஆசையோடு வாங்கிக்கொள்வார்கள். சக்கர் மீனை யாரும் வாங்கமாட்டார்கள். அதைத் தொடக்கத்திலேயே வாங்காமல் இருப்பதுதான் வழி.